ஐந்தொகை

தேவகோட்டையில் எங்கள் சபைக்குப்
பதினேழு சாவிகள்.
பதினேழும் என் இடுப்பில் கிடந்தன:
உண்டியல், மணிக்கூண்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டி,
கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவு,
எதைத் திறக்குமென்றே மறந்துபோன
பித்தளைச் சாவி இரண்டு உட்பட.
நான் நடந்தால் தெருவுக்கே கேட்கும்.
அதை ஊழியம் என்று நினைத்திருந்தேன்.

ஃபியூஸ் போனால் நான்.
ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுமானால் நான்.
பாடகர் குழுவில் யார் முன்வரிசை
என்கிற சண்டைக்கும் நான்.
ஆராதனை முடிந்ததும் என் முன்னால்
ரேஷன் கடையைவிட நீளமாய் ஒரு வரிசை.
வீட்டில் மூன்று மணிக்கு
ஆறிய சோறு.

வனாந்தரத்தில் ஒருவன் இப்படித்தான்
விடிந்தது முதல் பொழுது சாயும்வரை
தனியே உட்கார்ந்து வழக்குக் கேட்டானாம்.
பெண் கொடுத்த மாமன் வந்து பார்த்து
என்ன மாப்பிள்ளை இது என்றானாம்.
அந்த அதிகாரத்தை நானே பீடத்தில் நின்று
இரண்டு முறை வாசித்திருக்கிறேன்,
கணீரென்று.
எனக்கு மாமன் வரவில்லை.
பித்தப்பையில் கல் வந்தது.

அறுப்பின் பண்டிகைக்கு ஒன்பது நாள் இருந்தது.
மதுரைக்கு வண்டி ஏறும்போது
என் மனைவி சாவிக்கொத்தை அவிழ்த்தாள்.
மணி, ஆட்டோ ஓட்டும் யோபுவுக்கு.
உண்டியல், பெரியாஸ்பத்திரி நர்ஸ் எப்சிபாளுக்கு.
கணக்கு மட்டும் யாருக்கும் இல்லை என்றேன்.
மயக்க ஊசிக்குப் பிறகு
நான் சொன்னது செல்லாது போலிருக்கிறது.
நகைக்கடன் கவுண்டரில் எடை பார்க்கும்
மங்களசீலியிடம் பேரேடு போயிருந்தது.

படுக்கையில் செய்திகள் வந்தன.
ஏழரை மணியை யோபு ஏழுக்கே அடித்துவிட்டான்;
பாதிச் சபை ஈரத்தலையோடு வந்ததாம்.
ஏலத்தில் பூசணிக்காய் மூன்று கை மாறி
எடுத்தவர் யாரென்று எழுத மறந்து
இன்னும் தூணடியில் இருக்கிறதாம்.
தையல் போட்ட இடம்
கொஞ்சம் குளிர்ந்தது.
ஒப்புக்கொள்கிறேன்.

கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன ஊர் எங்களுடையது.
முதலாளி இங்கே தூங்குவார்.
அக்கரையில் மேலாள், அவருக்கு அடுத்தாள்,
அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன்.
மூன்று வருஷத்துக்கொரு முறை
கணக்கு முடித்து ஆள் திரும்பும்.
நம்பிக் கொடுத்தார்கள்.
நம்பியதற்காகக் கேட்காமல் விடவில்லை.
நானோ தேவனின் கடையில்
இருபத்திரண்டு வருஷம்
மேலாளும் நானே, தணிக்கையும் நானே.

திரும்பி வந்த முதல் ஞாயிறு,
ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில்
பேரேட்டை விரித்தாள் மங்களசீலி.
"ஐந்தொகை போட்டேண்ணே. நாலாயிரத்து ஐநூறு இடிக்குது.
ஒன்பதால வகுபடுது. எங்கயோ இலக்கம் புரண்டிருக்கு."
குரலைத் தாழ்த்தவில்லை அவள்.
வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

முந்தைய வருஷம். விதவைகள் நிதி.
வந்தது ஏழாயிரத்து இருநூறு.
என் கையெழுத்தில் இரண்டாயிரத்து எழுநூறு.
பணம் பாஸ்புக்கில் பத்திரமாக இருந்தது.
இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க
ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.
அந்தச் சித்திரையில் என்னிடம் வந்து நின்ற
செங்கல் சூளை சூசனாளிடம்
நிதி தீர்ந்துவிட்டதென்று சொன்னேன்.
சொல்லும்போது சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனோம்.
கவரை எப்சிபாள் கொடுத்தாள்;
ரசீதில் மங்களசீலி கைநாட்டு வாங்கினாள்.
பேச வேண்டியது மட்டும் என் பங்கு.
சூசனாள் மன்னித்ததாகச் சொல்லவில்லை.
எண்ணிப் பார்த்தாள்,
சரியாயிருக்கு என்றாள்.

யோபு இப்போது ஏழரைக்கு அடிக்கிறான்,
சில ஞாயிறுகளில் ஏழு முப்பத்தைந்துக்கு.
நான் நடந்து வருவது
யாருக்கும் கேட்பதில்லை.
பித்தளைச் சாவி இரண்டும் என்னிடம்தான்.
இவை எதுக்குண்ணே என்றாள் மங்களசீலி.
தெரியாது என்றேன்.
தெரியாது என்று
எழுதிக்கொண்டாள்.