மைனஸ் எண்பது

டீசல் நாற்பது லீற்றர்.
இன்னும் வேண்டுமென்று கேட்டால்
பதிவாளர் அலுவலகம் கேட்டவரையே பிழிந்துவிடும்.

பதின்மூன்று மணிநேர வெட்டு.
ஆழ்குளிர்ப்பெட்டிகள் ஐந்து.
அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்,
இரண்டு தடவை.
ஒன்றைத்தான் ஓட்டலாம்.

தகவல் போய் அரைமணியில்
நடைபாதை நெடுக ரிஜிபோம் பெட்டிகளோடு ஆட்கள்.

கிராண்ட்பாஸ் டயர்களில் எடுத்த நுளம்புக் குடம்பிகளோடு
ருஸ்னா முதலில் வந்தாள்.
பேரை வாவியின் பச்சை, நூற்றிருபது குப்பி,
குப்பிக்கொரு திகதி.
காகங்களை ஆராயும் வீரக்கொடி சேர்
இரைப்பைகளைச் சுமந்து வந்தார்.
ஒன்றினுள் லொத்தர்ச் சீட்டுத் துண்டு இருந்ததாம்.
பரிசு விழுந்த சீட்டா சேர் என்றேன்.
இலக்கம் செரித்துப்போச்சு என்றார், முகம் மாறாமல்.
மகப்பேற்று மனையிலிருந்து தாய்ப்பால்:
முப்பத்தாறு பேருடையது,
ஒருத்தியின் பெயரும் இல்லை.

வரலாற்றுத்துறையிலிருந்து ஒரு பதிவேடு.
துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்களின் வரவு,
பக்கம் பக்கமாய்க் கைநாட்டு.
இராமபாணப் பூச்சி அரிக்கிறது,
குளிரில் கிடந்தால் பூச்சி சாகும்
என்றார் கலாநிதி இம்மானுவேல்.
சாதாரண ஃப்ரிஜ் காணாதா?
அதுவும் நின்றுபோச்சு மிஸ்.
பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

முக்கியம் என்ற சொல்லை
அன்றிரவு மூன்று மொழியிலும் கேட்டேன்.
நான் அளந்தது பெட்டிகளின் அகலத்தை மட்டும்.

தாய்ப்பாலின் மேல் காகத்தின் வயிறு,
அதன் விலாவில் வாவி,
வாவியை முட்டிக்கொண்டு கைநாட்டுகள்.
மாலை நூற்று முப்பத்தெட்டாம் பஸ் மாதிரி
நசுங்கி, ஒன்றையொன்று பாராமல்
எல்லாம் ஏறிவிட்டன.

ஒரு நீலப் பெட்டியைத் தவிர.

'லீக்ஸ் வேர்மண், இராகலை, மூன்று போகம்.
விமலேசன்.'
ஆளைக் காணோம்.
போன் அடித்தேன்.
அணைந்து கிடந்தது; யாருடையது அணையவில்லை அந்த மாதம்.
கதவை முழங்காலால் தள்ளிப் பார்த்தேன்.
நான்கு விரற்கடை போதவில்லை.
பெட்டியை வெளியே வைத்து
மேலே ஈரத்துணி போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

காகிதம் ஓரிரவில் செத்துவிடாது.
பூச்சி இன்னும் ஒருநாள் தின்னட்டுமே என்று
பதிவேட்டை எடுத்திருக்கலாம்.
விடிந்து, தேநீருக்குச் சீனியில்லாமல் நிற்கும்போதுதான்
இது உறைத்தது.

அவன் எட்டு மணிக்கு வந்தான்,
கொட்டாஞ்சேனை எரிவாயு வரிசையிலிருந்து நேரே,
வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு.
மூடியைத் திறந்தான்.
மணந்து பார்த்தான்.
பரவாயில்ல மிஸ், மண்தானே.
பிறகு சிலிண்டரின் மேலேயே உட்கார்ந்து
சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்.
கட்டியிருந்ததை அவிழ்த்து
மறுபடி கட்டினான்.
இராகலைக்குப் போக இப்போது பஸ் ஓடுதா என்று
என்னிடம் கேட்கவில்லை.
சுவரில் கிடந்த நேர அட்டவணையைக் கேட்பதுபோல் இருந்தது.

சமூகவியல் மாணவி துஷாந்தி
இரவு என் ஜெனரேட்டரில்தான்
ஒலிப்பதிவுக் கருவிக்குச் சார்ஜ் ஏற்றினாள்.
தட்டுப்பாட்டில் யார் யாருக்கு இடம் விடுகிறார்கள்,
அதுதான் அவளுடைய ஆய்வு.
நீங்கள் பதினேழாவது ஆள், பெயர் போடமாட்டேன் என்றாள்.
குளிர்ப்பெட்டியின் முகப்பில் மைனஸ் எழுபத்தெட்டு.
கருவியில் சிவப்புப் பொட்டு.

'எப்படித் தெரிவு செய்தீர்கள்?'

கீழே டீசல் தீர்ந்து
ஜெனரேட்டர் இருமி நின்றது.
அடுத்த நிமிடமே கரண்ட் வந்தது, வழக்கம்போல.
நான் இன்னும் வாய் திறக்கவில்லை.
யன்னலுக்கு வெளியே காகங்கள்,
வயிறு உள்ளவை,
கத்திக்கொண்டிருந்தன.
அதுவும் பதிவாகியிருக்கும்.