கடல் மட்டத்திலிருந்து

எங்கள் ஸ்டேஷன் மஞ்சள் பலகையில்
ஊர்ப்பேருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும்:
கடல் மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டர் சொச்சம்.
சொச்சத்தைத் துரு தின்றுவிட்டது.

குரூப் ஃபோர் பரீட்சைக்கு ஒன்பது நாள்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறேன், சீசன் வேலை.
சாக்கு எண்ணும் நோட்டின் பின்பக்கத்தில்
மலைகளை எழுதி வைத்திருக்கிறேன்.
இமயமலை, கஞ்சன்ஜங்கா, 8586.
கே-டூ என்று எழுதினாலும் சரியா
என்று கோச்சிங் சாரிடம் கேட்டேன்.
அது ஆன்சர் கீ போடுகிறவர் மனசைப் பொறுத்தது என்றார்.
மேற்குத் தொடர்ச்சி, ஆனைமுடி, 2695.
ஆரவல்லி, குருசிகார், 1722.
கிழக்குத் தொடர்ச்சிக்குப் புத்தகத்துக்கொரு சிகரம்.
மலைக்கும் பட்டா தகராறு போலிருக்கிறது.

நான் ஏறியது ஒன்றே ஒன்று.
சுவாமிமலை, அறுபது படி.
மனுஷர் கட்டிய மலை, கணக்கில் வராது.

களத்தில் பதினோரு குவியல்.
லாரி வராத ஆறாம் நாள்.
"எது யாரு நெல்லுன்னு எப்படிம்மா தப்பாம சொல்றே?"
லோடுமேன் உத்திராபதி கேட்டார்.
சிரித்து வைத்தேன்.
பண்ணைக்காரருடையது கஞ்சன்ஜங்கா.
லாரி வந்தால் முதலில் கரைவதும் அதுதான்.
ரைஸ்மில் மருமகனுடையது ஆனைமுடி.
கடைசியில் வேலியோரம்,
தார்ப்பாய் வாடகைக்கு வழியில்லாமல்
யாரோ வீட்டுக் கல்யாண ஃபிளெக்ஸைப் போர்த்திக்கொண்டிருப்பது
அஞ்சம்மாளுடையது.
குத்தகை நிலம், முப்பத்திரண்டு மூட்டை.
அதற்கு மட்டும்
பட்டியலில் பெயர் மிச்சமில்லை.

ராத்திரி ஒன்றரைக்குப் பிடித்துக்கொண்டது.
மேகம் மலையில் மோதினால் மழை என்று
படித்திருக்கிறேன்.
இங்கே மோத ஒன்றுமில்லை.
வருகிறது, கொட்டுகிறது.

பத்துக் குவியல் தாங்கின.
ஃபிளெக்ஸின் நடுவில் குளம் கட்டி
மாப்பிள்ளை முங்கிப்போனார்.
பெண்ணின் நெற்றிப்பட்டம் வழியே
பொத்தல் விழுந்து உள்ளே இறங்கியது தண்ணீர்.
உத்திராபதி மண்வெட்டியோடு ஓடினார்.
எங்கே வெட்டுவது?
நாலு பக்கமும் ஒரே மட்டம்.
வந்த தண்ணீருக்கே வழி தெரியாமல்
கணுக்கால் அளவில் நின்றது.
நான் டார்ச் அடித்தேன், மலைகள் வரிசையாகத் தெரிந்தன,
ஒன்றும் உதவவில்லை.

அஞ்சம்மாள் செருப்பைக் கழற்றினாள்.
சேற்றில் உள்ளங்காலை வைத்து
ஒரு அடி நகர்ந்தாள், நின்றாள்,
திரும்பி இரண்டடி.
இருட்டில் எதையோ தொலைத்தவள் மாதிரி.
"இங்கே," என்றாள்.
"இந்தப் பக்கம் அரை விரக்கடை தாழ்வு."
வெட்டினார்.
முதலில் நுரை, பிறகு வைக்கோல்,
பிறகு சளசளவென்று
மொத்தமும் வாய்க்காலைப் பார்த்து நடந்தது.

காலையில் ஈரப்பத மீட்டர் வந்தது.
பதினேழு வரை எடுக்கலாம், அவளுக்கு இருபத்தொன்று.
ஆபீசர் கையை விரித்தார்.
நானும் அந்த எண்ணைத்தான் எழுதினேன்.
வேறு எண் எழுத பேனா துணியவில்லை.
குவியலின் மேலே கை வைத்தால் சூடு,
அடிவாரத்தில் வெள்ளையாய் முளை.

அவள் திட்டவில்லை, அழவுமில்லை.
கூடை கூடையாய் அள்ளிக்கொண்டுபோய்
ரோட்டில் கொட்டிக் காலால் தள்ளினாள்.
பால் சொசைட்டியிலிருந்து மதகு வரை
ஒரு நெல்மணி உயரத்துக்கு
நீண்டு கிடந்தது மலைத்தொடர்.
மன்னார்குடி பஸ் ஹாரன் அடிக்காமல்
ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கிக் கடந்தது.

மூன்று நாள் காய்ந்து பதினாறரை.
முளைத்த நாலு மூட்டை போக மிச்சத்தை எடுத்தார்கள்.
பில்லில் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தாள்.
பெருவிரலின் கோடுகளை
அட்லஸில் பழுப்பு நிறத்தில் எங்கோ பார்த்திருக்கிறேன்.

பரீட்சையில் வந்தது.
பொருத்துக: தொடர், சிகரம்.
நாலும் தெரியும், நாலும் போட்டேன்.
மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.
பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளங்காலைத் தரையில் வைத்துப் பார்த்தேன்,
இந்தக் கட்டடம் எந்தப் பக்கம் சாய்கிறதென்று.