கொருக்குப்பேட்டை கேட்டில் முந்நூறு ஜிபி

"நூறு எம்பி லைனுக்கா, பறக்கும்" என்று
மொட்டைமாடியில் ஒயரை இழுத்தபடி சொன்னான் தேசிங்கு.
பறக்கிறதா என்று பார்த்தேன்.
நொடிக்குப் பன்னிரண்டரை.

அவன் பொய் சொல்லவில்லை.
அவன் எண்ணியது பிட்டில்,
என் வீடியோ கிடப்பது பைட்டில்.
எட்டுக்கு ஒன்று.
பழைய வாய்ப்பாட்டில் அரைக்கால் என்றொரு பின்னம் உண்டே,
பரீட்சைக்குக்கூட வராதது,
அது இத்தனை வருஷம் கழித்து
எழில் நகர் மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நூறும் இறங்க மட்டும்தான்.
ஏற, இருபது.

ராயபுரம் சர்ச்சில் ஒரு கல்யாணம்.
மூன்று கேமரா, ஒரு ட்ரோன்,
மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டு தடவை விழுந்து எழுந்த டான்ஸ்,
எல்லாம் சேர்த்து முந்நூறு ஜிபி.
வடபழனியில் கலர் பார்க்கும் ரெஜினாவுக்கு
நாளைக் காலை வேண்டும்.
முப்பத்துமூன்று மணி இருபது நிமிஷம் என்றது கம்ப்யூட்டர்.
ஒரு சதவீதம் ஏறுமுன் கரண்ட் போனது.

"வேகம் பத்தலடா."
"வேகத்துக்கு இன்னாக்கா கொறை?
கண்ணாடி ஒயர்ல வெளிச்சம் எல்லாருக்கும் ஒரே ஓட்டந்தான்.
உனக்கு அகலம் பத்தல.
ஹார்பர் ரோட்ல ட்ரெய்லர் நிக்குதே,
இஞ்சின்லயா கோளாறு?"

ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி
டிபன் பையில் வைத்து ஸ்கூட்டரை எடுத்தேன்.
கேட் போட்டிருந்தது.

கூட்ஸ் வண்டி, அதுவும் நடக்கிற நடை.
பக்கத்து மீன் ஆட்டோக்காரர் பையைப் பார்த்தார்.
"இன்னாம்மா, இப்டி கட்டிப் புடிச்சினுகீற?"
"ஒரு கல்யாணம்."
"எத்தினி கிலோ?"
"இருநூறு கிராம். காலியா இருந்தாலும் அதே இருநூறு."
அவர் சிரிக்கவில்லை.
ஐஸ் உருகி அவர் வண்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சும்மா நிற்கிற நேரத்தில் கணக்குப் போட்டேன்.
போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனாலும்
நொடிக்கு முந்நூற்று முப்பத்துமூன்று மெகாபிட்.
வீட்டு லைனைப்போல் பதினாறு மடங்குக்கு மேல்.
இஞ்சின் ஆஃப். இரண்டு காலும் தரையில்.
முன்சக்கரம் ஓர் அங்குலம் நகரவில்லை.
இந்தப் பக்கத்திலேயே அப்போது
அதிவேகமாய்ப் போய்க்கொண்டிருந்தது நான்தான்.

போன் அதிர்ந்தது. ரெஜினா.
"எங்க?"
"கேட்" என்று அனுப்பினேன்.
இரண்டே எழுத்து.
அடுத்த பெட்டி கடக்குமுன்
நீல டிக் விழுந்துவிட்டது.

கடைசிப் பெட்டியும் போனது.
எல்லாரும் வண்டியைக் கிளப்பினோம்.
கேட் எழவில்லை.
எதிர்த் தண்டவாளத்தில் இன்னொன்று வருகிறதாம்.