சீல் வைத்த ஆய்வகம்

தேர்தல் முடிந்து பதினேழாம் நாள்.
விலங்கியல் ஆய்வகத்துக்கு அரக்குச் சீல்.
உள்ளே
வாக்கு எந்திரங்களோடு
பார்மலினில் கிடக்கின்றன
என் சுறாக்குட்டியும் கடல்குதிரைகளும்.

வாசலில் துப்பாக்கியோடு ஒடிசாக்காரர்.
கச்சான் வாரியடித்த மணலில் கண் சிவந்து
உப்புக் கரிக்காத தண்ணீர் எங்கே கிடைக்கும்
என்று சைகையில் கேட்டார்.
எங்களுக்கே லாரிதான் என்று
எந்தச் சைகையில் சொல்ல?

வராந்தாவில் வகுப்பு.
வருகைப்பதிவு பாதியில் இருக்கையில்
பணிமாற வந்தவர்
கட்டையைத் தரையில் இறக்கினார்.
டக்.
முப்பத்தொரு தலைகள் திரும்பின.
டெல்சியா மட்டும்
பெஞ்சுக்கடியில்,
வயிறு தரையோடு படிய.

"பழக்கம் சார்"
எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டாள்.
பாம்பனில் அவள் அப்பாவின் படகில்
தண்ணீர்க்கோட்டுக்கு ஒரு சாண் மேலே
எம்சீல் வைத்து அடைத்த ஓட்டைகள் இரண்டு.
மேலே பச்சை பெயிண்ட்.
பக்கத்தில் போனால் மட்டும் தெரியும்.

மாலை ஆசிரியர் கூட்டம்.
எண்ணிக்கை முடிந்த பிறகும்
ஒரு துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும்,
சம்மதமெனில் கையெழுத்திடுக.
போன வருசம் பஸ் ஸ்டாப் சண்டை
அரிவாளோடு கேன்டீன்வரை வந்ததே,
அன்று கழிப்பறையில் தாழிட்டு நின்றவன் நான்.
யாரிடமாவது ஒன்று இருந்திருந்தால் என்று
நினைத்தவனும் நான்தான்.

தாள் என்னிடம் வந்தது.
அடியில் பதிவேடு, இன்னும் திறந்தபடி.
டெல்சியா பெயருக்கு நேரே
ஆப்சென்ட்.
கூப்பிட்டு, நிமிர்ந்து பார்த்து,
இடம் காலியென்று போட்டிருக்கிறேன்.

என் கையெழுத்துதான்.