சட்டைப்பையில் ஒரு பூ

மழை விட்ட மறுநாள்
சிமானிமனி மலையடியில்
செக்காயின் மக்காச்சோளக் கொல்லைக்கு
ஜீப்பில் வந்திறங்கினான் வனக்காவலன் பராய்.
"தேசியப் பூ. பிடுங்கக் கூடாது.
அபராதம்."

வேலியோரம் வாளி.
அதில் கிழங்குகள் பதினொன்று,
கலப்பை போல் வளைந்து.

மண்வெட்டியை அவள் கீழே வைக்கவில்லை.
"போன வாரம்
என் ஆடுகள் இரண்டு இதைத் தின்று செத்தன.
அதற்கு
யாரிடம் வாங்கினாய் அபராதம்?"

அவன் சட்டைப்பைமேல்
நூலில் பூத்திருந்தது அதே பூ.
மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஆறு இதழ்;
ஒன்று மட்டும் பிரிந்து தொங்கியது.

"நாங்கள் இதை கஜோங்வே என்போம். சேவல்குட்டி.
அரசாங்கம் கொண்டையைப் பார்த்தது.
நான்
கொத்தியதைப் பார்த்தேன்."

என் மொழிக்காரர்களுக்கும் இதுவே மாநிலப் பூ.
முருகன் மார்பில் இருந்தால் காந்தள்,
வயலில் தட்டுப்பட்டால் கலப்பைக் கிழங்கு.
நிமிர்ந்து பார்த்தவன் ஒரு பெயர் வைத்தான்
குனிந்து தோண்டியவன் இன்னொன்று.

பராய் ரசீதில் தேதி மட்டும் எழுதினான்.
பேனா நின்றது.
தூறல் விழுந்து அந்தத் தேதியும் கரைந்தது.

"ஆற்றுக்கு அப்பால்
ஆடு ஏறாத பாறை ஒன்று இருக்கிறது"
என்றான், யாரிடமோ சொல்வது போல.

கிழங்குகளோடு ஜீப் கிளம்பியபோது
பின்னாலேயே ஓடினாள் செக்காய்:

"வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடு!"