இருபத்து மூன்று கிலோ

அபெர்தீனில் மழையை ஒருவரும் பார்ப்பதில்லை.
நான்தான் நூலகத்தின் ஏழாம் மாடியில்
புத்தகத்தை விட்டுச் சன்னலைப் படிக்கிறேன்.
பெய்கிறது.
யாரும் பாத்திரம் வைக்கவில்லை.

என் ஆய்வு
பழைய சபைகளின் ஞானஸ்நானத் தண்ணீர் பற்றி.
ஓடும் நீரா, தேங்கிய நீரா,
முழுக்கா, தெளிப்பா என்று
ஆயர்கள் கிரேக்கத்தில் வழக்காடியதற்கு
மூன்று ஆண்டுகள்,
நானூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள்.

மர்சபிட்டுக்கு வடக்கே எங்கள் சபை
ஆறு ஒட்டகம் விற்று என்னை அனுப்பியது.
ஆடுகளை எண்ணவில்லை.
படித்து வா, வந்து
நம் உபதேசியார்களைப் போதகர்களாக்கு.
பதினான்கு பேர்.
எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் மூவர்.

பிப்ரவரியில் ஜில்லோவின் குரல் வந்தது,
வாட்ஸ்அப்பில், பாதிக்கு மேல் காற்று:

தீராமு அக்கா, கிணறு சேறாகிவிட்டது.
லாரித் தண்ணீர் ஒரு கேன் நூறு ஷில்லிங்.
ஞானஸ்நானத்துக்குப் பதினொரு பேர் நிற்கிறார்கள்.
பிள்ளைகள் குடிக்கட்டும்,
ஞானஸ்நானம் எங்கும் ஓடிப்போகாது
என்கிறார்கள் பெண்கள்.
நான் போய்விடுவேனே என்கிறார்
படுத்திருக்கும் கோடானா.
சிரித்தோம்.
பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
நான் என்ன செய்ய?

இரண்டு முறை கேட்டேன்.
பேராசிரியர் மோரக் நல்லவர்,
தேநீர் ஊற்றினார்,
பின்னிணைப்பாகச் சேர்க்கலாம் என்றார்.
அறைக்கு வந்து பதில் எழுதினேன்.
நான்கு பக்கம்.
அழித்தேன்.
இரண்டு பக்கம்.
போரானா மொழியில் எழுதியும்
அது கிரேக்கமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மறுபடி அவன்:

முடிந்துவிட்டது அக்கா.
ஒரே குவளை, பால் கறக்கிற குவளை,
எத்தனை புகை காட்டியும் பால் வாசம் போகவில்லை.
பெருவிரலை நனைத்துப் பதினொரு நெற்றி.
மிச்சத்தைத் தூமேயின் மகன் குடித்தான்,
பேதி கண்டு கிடந்தானே, அவன்.
கோடானா என்ன செய்தார் தெரியுமா,
தன் நெற்றியில் இருந்ததை வழித்து
பையன் உதட்டில் வைத்துவிட்டார்.
இப்போது கமிட்டி கேட்கிறது,
அவர் ஞானஸ்நானம் பெற்றவரா, இல்லையா?

பெற்றவர்
என்று ஒரே சொல்லை அனுப்பினேன்.
ஜில்லோ ஒரு பெருவிரலை அனுப்பினான்,
மஞ்சள் நிறத்தில்.

கோடானாவை நானூற்றுப் பதின்மூன்றாம் குறிப்பாக்கினேன்.
வாய்மொழித் தேர்வில் அதன்மேல் விரல் வைத்து
இதற்கு ஆதாரம் என்றார் வெளியூர்த் தேர்வாளர்.
நாற்பத்தேழு விநாடி என்றேன்.
அவர் மரியாதையாகக் காத்திருந்தார்.

நீக்கினேன்.
பட்டம் கொடுத்தார்கள்.

ஈஸ்டர் முடிந்து அவர் இறந்த செய்தியில்
பையனைப் பற்றி ஒன்றுமில்லை.
கேட்க எனக்குத் துணிச்சல் வர
ஒரு வாரம் ஆயிற்று.
ஆடு மேய்க்கிறான், என்னையே அடிக்கிறான்
என்றான் ஜில்லோ.

இன்று பெட்டி கட்டுகிறேன்.
விமானத்தில் இருபத்து மூன்று கிலோ.
இந்தப் பாரம் என் முதுகுக்குத் தெரியும்,
பன்னிரண்டு வயதில் தெரிந்துகொண்டது:
இருபது லிட்டர்க் கேன்,
அதைக் கட்டுகிற கயிறு,
மேலே நனைந்த சாக்கு.
கேனில் எதை எடுப்பது, எதை விடுவது
என்ற பேச்சே இல்லை.

எலினின் குளியலறைத் தராசு
இருபத்தாறு காட்டுகிறது.
அகராதியை எடுத்தேன், வைத்தேன்.
சங்கங்களின் தீர்ப்புகள் இரு பாகம்:
முதலாவது மட்டும் போதுமா?
என் ஆய்வேடு ஒன்றேகால் கிலோ.
அதையும் எடுத்துப் பார்த்தேன்.

சமையலறையில் எலின் கோப்பை கழுவுகிறாள்,
ஓர்க்னிக்காரி, மழையிலேயே வளர்ந்தவள்.
எனக்கு ஏதோ சொல்லத் திரும்புகிறாள்,
குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது.
அவள் பேச்சின் நடுவே
நான் கையை நீட்டி மூடுகிறேன்.
முதல் வருடம் இதற்கு மன்னிப்புக் கேட்பாள்.
இப்போதெல்லாம்
நான் மூடட்டும் என்றே விடுகிறாளோ என்னவோ.