முப்பத்திரண்டு குழாய்

வேணி எட்டு இருபது பஸ்ஸைப் பிடித்துத்
திருமங்கலம் போய்ச் சேரும்போது
இங்கே விளாங்குடியில்
இரண்டாம் தோசையின் நடுவில் ஓட்டை போட்டு
அதன் வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள் மிதுலா.

அதன் பிறகு பகல்.
பகல் எவ்வளவு பெரிசு என்று
கூரியர் ஆபீஸில் இருந்தவரை எனக்குத் தெரியாது.
அங்கே அதைப் பிரித்துக் கட்டி
ஆளுக்கொரு தெருவுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

டிவியைப் போட்டால்
திங்கட்கிழமை விஷம் கலந்த டம்ளர்
வியாழக்கிழமை வரை உதட்டுக்குப் போகவில்லை.
போனைத் திறந்தால்
கால் நிமிஷத்துக்கு ஒருவர் ஆடிவிட்டுப் போகிறார்.
ஒரு மணி நேரம் கழித்து
ஒரு முகமும் ஞாபகமில்லை,
கட்டைவிரல் மட்டும் வலிக்கிறது.
நூலகத்தில் எடுத்த தடித்த நாவலில்
பன்னிரண்டாம் பக்கத்தில் ஒருவன்
ஆனி மாசத்திலிருந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.
நான் திறக்கப் போகும்போதெல்லாம்
இவளுக்கு ஆய் வந்துவிடுகிறது.

கூடல்நகர் பக்கம் போய்
கொஞ்ச நாள் கூட்ஸ் பெட்டி எண்ணினோம்.
அவளுக்கு இரண்டுக்கு மேல் எல்லாமே ஏழு.
ஐம்பத்தெட்டுப் பெட்டியும் ஏழு.
பழைய ஆபீஸ் பையன் ஒருவன்
பைக்கை மெதுவாக்கி
"என்னண்ணே, லீவா?" என்றான்.
ஆமாப்பா என்றேன்.
பதினோரு மாசமாக லீவு.
மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை
எதிர்க் காலிமனைக்கு போர் வண்டி வந்தது.
மனைக்காரர் குபேந்திரன்
எலுமிச்சம்பழத்தை மிதித்து நசுக்கினார்.
முதல் குழாய் இறங்கியது.
தெருவே சாம்பல் பூத்தது.
கொடியில் வேணியின் இரண்டு புடவை.
எடுக்க வேண்டும் என்று நினைத்தேன்,
நினைத்ததோடு சரி.

குழாய்க்கு இருபது அடி.
ஒவ்வொன்றுக்கும் வாசல் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு.
என் கோட்டுக்குப் பக்கத்தில்
அவளும் தன் பங்குக்கு இழுத்தாள்.

பகலில் இந்தத் தெருவில்
இத்தனை பேர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஏடிஎம்மில் ராத்திரி காவல் இருப்பவர்
தூங்க முடியாமல் கைலியோடு வந்தார்.
நீட்டுக்கு மூணாவது தடவை படிக்கும் பெண்
விரலைப் புத்தகத்தில் வைத்தபடி வந்தாள்.
காலில் கட்டுப் போட்டவருக்கு
நாற்காலி முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.
பால்தாய் அக்கா அவரைக்காயும் முறமுமாக உட்கார்ந்து
"முந்நூறுல வந்துரும்" என்றாள்.
முந்நூறு தாண்டியதும்
"நானூறுன்னுதானே சொன்னேன்?"
யாரும் என்னைப் பார்த்து
லீவா என்று கேட்கவில்லை.
கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

குக்கர் விசில் எனக்குக் கேட்கவே இல்லை.
அடிப்பிடித்த சோற்றில் தயிர் ஊற்றி
வாசலிலேயே ஊட்டினேன்.
கல்தூள் கொஞ்சம் போயிருக்கும்.
இருபத்திரண்டாம் குழாயில்
அத்தனை சத்தத்துக்கு நடுவே என் தோளில் தூங்கிப்போனவள்
மெஷின் நின்ற நொடியில் வீறிட்டு எழுந்தாள்.

அறுநூற்று இருபதில் தூள் ஈரமானது.
அறுநூற்று நாற்பதில்
முதலில் சேறு, அப்புறம் சுண்ணாம்புத் தண்ணி,
அப்புறம் கரண்டுக் கம்பி உயரத்துக்கு ஒரே பீச்சல்.
காவல்காரர் விசிலடித்தார்.
மிதுலா தொப்பலாக நனைந்து
"ஏழு! ஏழு!" என்று குதித்தாள்.
பால்தாய் அக்கா கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து
காறித் துப்பினாள். உப்பு.
"பரவால்ல, வீடு கட்ட ஆகும்" என்றார் குபேந்திரன்,
நாலு தடவை.

சாயங்காலம் வேணி
கொடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.
என் கோடு முப்பத்திரண்டு,
இவள் கோடு எண்ணிக்கையில் அடங்காது.
"இன்னைக்கு என்னதான் பண்ணீங்க?"
எப்போதும் கேட்பதுதான்.
எப்போதும் சும்மாதான் என்பேன்.
அன்றைக்கு எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்தேன்.
பேக்கைத் தோளிலிருந்து இறக்காமலே
ஐந்நூறு அடி வரைக்கும் நின்று கேட்டாள்.

மறுநாள் வண்டி இல்லை.
குழாய் வாயில் ஒரு சாக்கு, மேலே ஒரு கல்.
ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு
மிதுலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டுப் போட்டவரின் நாற்காலி
நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது.
அதில் அவரும் இருந்தார்.
கையைத் தூக்கினார்.

செருப்பை எடு என்றேன் அவளிடம்.